காற்றுக்கு இசைந்த பிரயாணம்

கேள்வி: பிரிஸ்பேனிலிருந்து சொந்தப் பாய்மரப் படகில் கரையோரமாக வடக்கே செல்ல எந்த மாதம் உசிதம்? வழியில் கரையிறங்கலாமா?

பதில்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல்களின் பருவமாதலால், அது கழிந்து மே மாதக் கடைசியில் புறப்பட்டீர்களானால், தென்கிழக்குக் காற்று பின்னின்று பாயை நிறைக்க, பெரும் பவளத்திட்டு வெளிக்கடல் அலைகளைத் தடுத்துக்கொடுக்க, லிஸார்ட் தீவு வரை பிரயாணம் பெரும்பாலும் சுகமாகவே அமையும், திரும்புகையில் அதே காற்று முகத்தில் அறையும் என்பதை உடன் வருகிறவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

பெரும்பாலான இடங்களில் கரையிறங்கத் தடையில்லை. ஆனால் கிளாட்ஸ்டனுக்கு வடக்கே கழிமுகங்களில் முதலைகள் வாசம் செய்வதால், சேற்றுக் கரையில் முழங்கால் நீரில் நின்று சிறு படகை இழுக்கும் சாகசத்தைத் தவிர்த்து, படகுத்துறைகளையே நாடுங்கள். பவளப் பாறைகளினின்று வெளியேற வழி தேடி 1770-இல் கேப்டன் குக் ஏறிப் பார்த்த குன்று லிஸார்ட் தீவில் இருக்கிறது. தண்ணீர் எடுத்துக்கொண்டு, வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள்.