நீர்க்குமிழி என்று சொல்வது சுலபம்

ஓம் சரவணபவ. 

நம்ம குழுவில் ஒரு அன்பர் கேட்டிருந்தார்: "வாழ்க்கை நிலையில்லைன்னு எல்லாப் பாட்டும் சொல்லுது. சரி, நிலையில்லை. அதுக்கு நாளைக்குக் காலையில எழுந்து நான் என்ன செய்யணும்?" இதைவிட நேரான கேள்வி இருக்க முடியாது. இதற்கு அருணகிரிநாதர் கந்தர் அலங்காரத்தில் நேராகவே பதில் சொல்லியிருக்கிறார். ஆனால் பதிலுக்கு முன்னால் ஒரு கிண்டலும் செய்கிறார். பலர் அதைக் கவனிப்பதில்லை.

உடம்பு நீர்க்குமிழி, செல்வம் மின்னல் என்று வாய் நிறையப் பேசுகிற சிலர் இருக்கிறார்களாம். பசியோடு ஒருவன் வந்து எதிரில் நின்றால், அவர்களே மெல்ல எழுந்து வேறு பக்கம் போய்விடுவார்களாம். முருகனிடம் அன்பில்லாத அவர்களுடைய ஞானம் ரொம்ப நல்லா இருக்கு என்று முடிக்கிறார். இது புகழ்ச்சி இல்லைங்க, சரியான குத்து!

அத்திப்பட்டில் இருக்கிற எங்களுக்கு நிலையாமையைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்தது. சரியாக 19 வருஷம் கழித்து, 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயில் அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளமும், எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலமும். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து, வடமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த 9 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ரெண்டு நாள் டீக்கடையில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. "என்னங்க வாழ்க்கை, காலையில வேலைக்குப் போனவன் சாயங்காலம் இல்லை." மூன்றாம் நாள் அதே டீக்கடையில், "இந்த வடக்கத்திப் பசங்க ஒரே ரூம்ல பத்துப் பேரு இருக்காங்க, வாடகையை ஏத்தணும்" என்ற பேச்சு. எனக்கு அருணகிரியார் செய்த கிண்டல் முழுசாகப் புரிந்தது அப்போதுதான்.

சரி, அவர் சொல்லும் பதில் என்ன? அதே நூலில் இன்னொரு பாட்டில் வருகிறது. வேலனை வாழ்த்துங்கள், ஏழைக்குக் குருணை அரிசியில் ஒரு துணுக்காவது பகிருங்கள். ரெண்டே வேலை. முழு அரிசி கூட வேண்டாம், குருணை, அதிலும் பிளவு! "எனக்கே பத்தலை, நான் எங்கே தர்மம் பண்ண" என்று யாரும் தப்பிக்க முடியாதபடி கதவைச் சாத்திவிட்டார். காரணமும் சொல்கிறார். வெயிலில் போகிறவனுக்கு அவன் நிழல் கூடவே வரும், ஆனால் அதில் அவன் ஒதுங்க முடியுமா? கையில் உள்ள பணமும் கடைசிப் பயணத்தில் அப்படித்தானாம். மத்தியானம் லாரிகளுக்கு நடுவே மீஞ்சூர் சாலையில் நடந்து பாருங்கள், இந்த உவமைக்கு உரையே தேவைப்படாது.

இந்தக் கருத்தை வாழ்ந்து காட்டியவர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். அத்திப்பட்டு புதுநகரிலிருந்து மின்சார ரயிலில் நாலாவது ஸ்டேஷன் திருவொற்றியூர். அங்கே கடலோரம் பட்டினத்தார் சமாதி. காவிரிப்பூம்பட்டினத்துப் பெரிய வணிகர். வளர்ப்பு மகன் மருதவாணன் விட்டுச்சென்ற பெட்டியில் காதில்லாத ஊசியும் ஓலையும் இருந்ததைப் பார்த்து எல்லாவற்றையும் விட்டார் என்பது நாம் கேட்ட கதை. (பட்டினத்தார் பேரில் உள்ள பாடல்கள் ஒரே ஒருவருடையவை அல்ல, காலத்தால் வேறுபட்டவை என்பது ஆய்வாளர்கள் கருத்து. அது இருக்கட்டும்.) கதையில் நாம் தாண்டிப் போகிற ஓர் இடம் உண்டு. வீட்டை விட்டுப் போகும்போது கணக்கர் சேந்தனாரிடம் கருவூலத்தைத் திறந்துவிடச் சொன்னாராம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று. கோவணம் கட்டியது அப்புறம், கொடுத்தது முதலில்.

நமக்கு வீட்டுக்கடன் தவணை இருக்கிறது, பிள்ளைகள் ஃபீஸ் இருக்கிறது, துறவெல்லாம் நடக்கிற காரியமில்லை. சொந்த வீடு வேணும்னு செவ்வாய்க்கிழமை சிறுவாபுரிக்குப் போகிறோம். அதில் தப்பே இல்லை, கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்கிறோம். ஆனால் குருணைத் துணுக்குக்குத் துறவு தேவையில்லையே!

வள்ளலாரைப் பாருங்கள். சிறுவயதில் கந்தகோட்டத்து முருகனைப் பாடித் தொடங்கியவர், திருவொற்றியூருக்கு ஓயாமல் நடந்தவர். 1867-இல் வடலூரில் அவர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. மூட்டிய கை 1874-க்குப் பிறகு இல்லை, சோறு இன்றைக்கும் வேகிறது.

கேள்வி கேட்ட அன்பருக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். எதிர்வீட்டு மாடியில் நாலு வடமாநிலப் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். போன வாரம் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருவருக்கு ஊரில் மூன்று வயசுப் பெண் குழந்தை, போனில் காட்டினார். வரும் கிருத்திகைக்கு வீட்டில் சர்க்கரைப் பொங்கல். நாலு தொன்னை மாடிக்கும் போகும்.

வேலும் மயிலும் துணை.