அலுவலக அஞ்சலுக்கு எந்தப் போன்?

அலுவலக மின்னஞ்சல், வாட்ஸ்அப், ஜிபே எல்லாவற்றுக்கும் ஒரே போன் போதுமா? எதைப் பார்த்து வாங்குவது? – வாசகர், திருப்பூர்

ஒரே போன் தாராளமாகப் போதும். மின்னஞ்சலுக்குப் பெரும் வேகம் தேவையில்லை என்பதால், கேமராவின் மெகாபிக்சலைவிட, பாதுகாப்புப் புதுப்பிப்புகள், அதாவது மென்பொருளில் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்கத் தயாரிப்பாளர் அனுப்பும் திருத்தங்கள், எத்தனை ஆண்டுகள் வரும் என்பதே முதலில் பார்க்கத்தக்கது. 2023இல் வெளிவந்த பிக்சல் 8க்குக் கூகுள் 7 ஆண்டுகள் உறுதியளித்திருக்க, மலிவு விலைப் போன்கள் பல அதற்கு வெகுமுன்பே கைவிடப்படுகின்றன. மேலும், ஆண்ட்ராய்டில் பணிச் சுயவிவரம் எனப்படும் தனிப் பகுதி ஒன்றுண்டு. அலுவலகச் செயலிகள் சிறு கைப்பெட்டிக் குறியுடன் அதற்குள்ளேயே இயங்குவதால், ஊழியர் வேலையை விட்டு விலகினாலும், சொந்தப் போனில் நிறுவனம் அப்பகுதியை மட்டுமே அழிக்க இயலும். குடும்பப் படங்கள் தப்பிக்கும். சனிக்கிழமை மாலை பணிச் சுயவிவரத்தை நிறுத்திவைத்தால், மேலாளரின் அஞ்சல் திங்கள்வரை தலைகாட்டாது.