முளையிலே தெரியுமா?



"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். தெரியும்தான், ஆனால் யாருடைய கண்ணுக்கு, எத்தனை நாள் பார்த்தால் என்பதைப் பழமொழி சொல்வதில்லை. அமெரிக்காவில் இப்படி முளையைப் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். பள்ளி மைதானங்களில் பேஸ்பால் ஆடும் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்களைப் பார்த்து, "இவன் பிற்காலத்தில் தேறுவானா?" என்று தம் சங்கத்துக்கு எழுதி அனுப்புவதே அவர்கள் வேலை. அவர்களை ஸ்கவுட் என்பார்கள். சாரணர் இயக்கத்தாருக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான், குழம்ப வேண்டாம். இவர்கள் கயிற்றில் முடிச்சுப் போடுவதுமில்லை, கூடாரம் அடிப்பதுமில்லை. அரசர் காலத்து ஒற்றரைப்போல் ஊர் ஊராகப் போய், ஓரமாக உட்கார்ந்து பார்த்து வருபவர்கள்.

அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று அறிய, ஆட்டத்தைச் சற்றே தெரிந்துகொள்வோம். பேஸ்பால் மைதானத்தின் நடுவே பக்கத்துக்கு 90 அடி உள்ள ஒரு சதுரம் உண்டு. அதன் நான்கு மூலைகளே தளங்கள். இந்தச் சதுரத்தைச் சுற்றியுள்ள பகுதிதான் உள்களம். கிரிக்கெட்டில் பந்தை அடித்துவிட்டு ஓடாமலும் நிற்கலாம். இங்கே எல்லைக்கோட்டுக்குள் தரையில் அடித்தால் ஓடியே ஆக வேண்டும். அடித்தவர் முதல் தளத்தைத் தொடுவதற்குள் பந்து அங்கே போய்ச் சேர்ந்தால் அவர் ஆட்டமிழந்தார்.

இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையே நிற்பவர் ஷார்ட்ஸ்டாப். மற்ற மூன்று உள்களக்காரருக்கும் ஆளுக்கொரு தளம் உண்டு. இவருக்குச் சொந்தமாகத் தளம் கிடையாது. ஆனால் வலக்கைக்காரர் பலர் அடிக்கும் பந்து இவர் பக்கமே பாய்ந்து வரும். அடித்தவர் முதல் தளத்தை எட்ட நான்கே கால் வினாடி போல ஆகும். அதற்குள் ஓடி, குனிந்து, துள்ளி வரும் பந்தைப் பிடித்து, நூறடிக்கு அப்பால் குறி தவறாமல் எறிய வேண்டும். நம் எறிபந்துக் களத்தில் பந்து நழுவினால் போவது ஒரு புள்ளி. இங்கே நழுவினால் அது "பிழை" என்று ஏட்டில் ஏறி, ஆயுள் முழுதும் அவர் பெயரோடு நிற்கும்.

ஸ்கவுட் ஆட்டம் தொடங்குமுன்பே வந்துவிடுவார். பயிற்சியின்போது கால்களைத்தான் முதலில் பார்ப்பார். பந்து கிளம்பும்போதே கால் கிளம்புகிறதா, கை பந்துக்காக இறுகாமல் காத்திருக்கிறதா, எறியும்போது தோள் எப்படித் திரும்புகிறது என்று கவனிப்பார். ஓட்டத்தைக் கடிகாரம் வைத்து அளப்பார். அடிக்கும் திறன், அடியின் வலிமை, ஓட்டம், பிடித்தல், எறிதல் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் உண்டு. அது நூற்றுக்கு அல்ல. 20-இல் தொடங்கி 80-இல் முடிகிறது. 50 என்றால் மேஜர் லீக் என்னும் உச்ச நிலை ஆட்டக்காரரில் சராசரி. ஆகவே பள்ளிப் பையனுக்கு 40 கிடைத்தாலே பெரிது.

நமக்கு வியப்பளித்தது வேறொன்று. ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு மதிப்பெண் போடுகிறார்கள்: இன்று எவ்வளவு, வளர்ந்தபின் எவ்வளவு. நம் தேர்ச்சி அறிக்கையில் இந்த இரண்டாவது கட்டம் இல்லை. இருந்தால் பெற்றோருக்குக் காட்டும்போது சற்றுத் தைரியமாக இருக்குமே என்று தோன்றியது! ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்புவது எளிதன்று என்பதற்கு டெரக் ஜீட்டரின் கதையே சான்று.

ஜீட்டர் 1974-இல் பிறந்தவர். மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ நகரில் பள்ளியில் படித்தவர். குளிர் மிகுந்த ஊராதலால் அங்கே பள்ளிப் பருவ ஆட்டங்கள் குறைவு. ஸ்கவுட்டுக்குப் பார்க்கக் கிடைக்கும் நாட்களும் குறைவு. அவருடைய தந்தையும் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியவர். நடத்தை இப்படி இப்படி இருக்க வேண்டும் என்று பெற்றோர் ஆண்டுதோறும் ஓர் ஒப்பந்தம் எழுதி மகனிடம் கையெழுத்து வாங்குவார்களாம். (இதைப் படிக்கும் நம் பெற்றோர் இந்த வழக்கத்தை உடனே தொடங்கிவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.)

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் சங்கத்துக்காக அவரைப் பார்த்து வந்தவர் ஹால் நியூஹவுசர். இவர் சாதாரண மனிதரல்லர். 1944, 1945 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கன் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்ற பந்து வீச்சாளர். 1992 ஜூனில் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. முதல் தேர்வு ஹூஸ்டனுக்கு. ஜீட்டரை எடுங்கள், பத்து லட்சம் டாலர் கேட்டாலும் தகும் என்று நியூஹவுசர் மன்றாடினார். சங்கமோ அவர் அதிகம் கேட்பார் என்று அஞ்சிக் கல்லூரி வீரர் ஃபில் நெவினை எடுத்தது. கிழவர் மனம் வெறுத்து அந்த வேலையையே விட்டார்.

அடுத்த நான்கு சங்கங்களும் ஜீட்டரை எடுக்கவில்லை. ஆறாவதாக நியூயார்க் யாங்கீஸ் எடுத்தது. பையன் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போய்விடுவானோ என்று அவர்கள் தயங்கியபோது, அவன் போகும் ஒரே இடம் கூப்பர்ஸ்டவுன்தான் என்றாராம் அவர்களுடைய ஸ்கவுட் டிக் குரோக். கூப்பர்ஸ்டவுனில் இருப்பது பேஸ்பால் மேதைகளின் புகழ்மன்றம். பதினேழு வயதுப் பையனைப் பற்றிச் சொன்ன சொல் இது!

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். தொழில்முறை ஆட்டத்தின் முதல் நாளில் ஜீட்டர் ஏழு முறை மட்டை பிடித்தும் ஒரு நல்ல அடிகூட இல்லை. வீட்டு நினைப்பு வாட்டியது. தினமும் பெற்றோரோடு பேசியதில் தொலைபேசிக் கட்டணம் மாதம் 400 டாலரானது. விடுதியில் தங்கிப் படிக்கும் நம் தோழியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மறு ஆண்டு, 1993-இல், வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ அணியில் அவர் செய்த பிழைகள் 56. ஒரே பருவத்தில்! நம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தால் பாதியிலேயே எல்லைக்கோட்டுக்கு அனுப்பியிருப்பார்.

இங்கேதான் பாடத்தின் சாரம் இருக்கிறது. 56 என்ற எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அந்த இளைஞரை ஷார்ட்ஸ்டாப் இடத்திலிருந்து எடுத்திருப்பார்கள். யாரும் குறை சொல்லியிருக்கவும் முடியாது. ஆனால் பிழைகள் ஒருவகையானவை அல்ல. கையில் வந்த பந்தைச் சோம்பலால் விடுவது ஒன்று. பிறர் எட்டாத பந்தை ஓடி எட்டிவிட்டு, அவசரத்தில் தவறாக எறிவது இன்னொன்று. ஏட்டில் இரண்டுக்கும் ஒரே குறிதான். நேரில் பார்த்தவருக்கே வேறுபாடு தெரியும். யாங்கீஸ் சங்கம் அவரை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, பயிற்சியாளர் பிரையன் பட்டர்ஃபீல்டிடம் ஒப்படைத்தது. கையுறையை எப்படிப் பிடிப்பது, பந்தை எப்படி வாங்குவது என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்கள். 1994-இல் ஜீட்டரின் பிழைகள் பாதிக்கும் கீழே குறைந்தன. அந்த ஒரே ஆண்டில் மூன்று படிகள் ஏறினார். 1996-இல் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் ஆனார். 2014-இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 3,465 நல்லடிகள். 2020-இல் வாக்களித்த 397 பேரில் 396 பேர் அவரைப் புகழ்மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தனர்.

ஆனால் நியூஹவுசர் சரி, ஹூஸ்டன் தவறு என்று கதையை முடித்துவிடுவது நேர்மையாகாது. நெவின் பிற்காலத்தில் மேஜர் லீகில் 208 ஹோம் ரன் அடித்தவர். ஜீட்டரும் பந்து பிடிப்பதற்கான தங்கக் கையுறை விருதை ஐந்து முறை பெற்றிருந்தும், புதிய புள்ளிவிவர முறைகளால் அளந்தவர்கள், அவர் எட்டிப் பிடிக்கும் பரப்பு குறைவே என்றார்கள். தேர்ந்தெடுக்கப்படும் இளைஞருள் பெரும்பாலோர் மேஜர் லீகைக் காண்பதேயில்லை. ஸ்கவுட்டின் ஏட்டில் அவர்கள் பெயர்களே அதிகம்.

அப்படி ஓர் ஏட்டுக்குச் சொந்தக்காரர் ஒரு பெண் என்று அறிந்தபோது மகிழ்ந்தோம். ஃபிலடெல்ஃபியாவில் 1912-இல் பிறந்த ஈடித் ஹௌட்டன் பத்து வயதிலேயே பெண்கள் அணியில் ஷார்ட்ஸ்டாப்பாகச் சேர்ந்தவர். அணியுடன் 1925-இல் ஜப்பான் போனபோது வயது பதின்மூன்று. இரண்டாம் உலகப்போரில் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணியாற்றித் திரும்பியவர், பத்திரிகைத் துணுக்குகளை ஒட்டிவைத்த தம் ஏட்டை எடுத்துக்கொண்டு ஃபில்லீஸ் சங்க உரிமையாளரைப் பார்த்து வேலை கேட்டார். 1946-இல் கிடைத்தது. ஆண்கள் மட்டுமே நிறைந்த மைதான ஓரங்களில் ஆறு ஆண்டுகள் போல உட்கார்ந்து, பதினைந்து இளைஞர் வரை ஒப்பந்தம் செய்வித்தார். அவர்களில் ஒருவரும் மேஜர் லீகை எட்டவில்லை. கொரியப் போரின்போது கடற்படை மீண்டும் அழைக்க, ஸ்கவுட் வேலை அதோடு நின்றது. 2013-இல் நூறு வயதில் மறைந்தார்.