மூன்று திர்ஹமும் ஒரு கூடையும்



ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களின் சரிதையை நாம் மதரஸாவில் கேட்டிருக்கிறோம். மதீனாவைக் காக்க அகழி வெட்டும் யோசனையைச் சொன்னவர்கள் அவர்கள்தாம் என்பது சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அன்னார் பேரீச்ச ஓலையில் கூடை பின்னிப் பிழைத்தவர்கள் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். மதாயின் நகரின் அமீராக இருந்த காலத்திலும், தமக்கு வந்த மானியத்தைத் தர்மம் செய்துவிட்டு, தம் கையால் பின்னிய கூடையை விற்றே அவர்கள் உண்டார்கள் என்று கூறப்படுகிறது. ஒரு திர்ஹத்துக்கு ஓலை வாங்குவார்கள். பின்னி மூன்று திர்ஹத்துக்கு விற்பார்கள். அதில் ஒரு திர்ஹம் மறுபடி ஓலை வாங்க, ஒரு திர்ஹம் குடும்பத்துக்கு, ஒரு திர்ஹம் தர்மத்துக்கு.

இந்தக் கணக்கு ஒரு கடைக்காரனுக்கு எழுதிய பாடம் என்று நமக்கு வெகுநாள் தோன்றவில்லை. தோன்றும்படி செய்தவர் ஒரு மலாய் மூதாட்டி.

நாம் கடை வைத்திருப்பது கெமாஸில். கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் ரயில் பாதை பிரியும் ஊர் இது. கம்பத்து மலாய்க்காரர்களும் தோட்டத்துத் தமிழர்களும் நம் வாடிக்கைக்காரர்கள். 2025-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முன், மொத்த வியாபாரி ஒருவரிடம் ஐந்து பாய் எடுத்தோம். கைவேலை என்றார் அவர். நாமும் அப்படியே சொல்லி இரண்டை விற்றுவிட்டோம். மூன்றாவதைப் பார்க்க வந்தவர் அந்த மக்சிக். பாயை விரித்தார், விளிம்பைத் தடவினார், புரட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "தம்பி, இதைக் கை பின்னவில்லை, மெஷின் பின்னியது. உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது என்பதுதான் உண்மை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லி விற்றிருக்கிறோம். ஈரத் தானியத்தை உள்ளே மறைத்து வைத்த வியாபாரியின் ஹதீஸை நாம் அறியாதவர்களா? அன்று முழுவதும் கல்லாவில் மனம் ஓடவில்லை.

பெருநாள் கழிந்து ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனோம். அவரே ஒரு பாய் பின்னுகிறவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் காட்டியதையும், பின்பு நாம் விசாரித்து அறிந்ததையும் இங்கே எழுதுகிறோம்.

பின்னல் வேறு, நெசவு வேறு

மலாய்க்காரர் பாய்க்கு எடுப்பது மெங்குவாங் இலை. அது நம் ஊர்த் தாழையின் இனம். இரு ஓரத்திலும் நடு நரம்பிலும் முள் உண்டு. இலையை வெட்டி, முள்ளைச் சீவி, நெருப்பில் வாட்டுவார்கள். சிறு கத்திகள் வரிசையாகப் பதித்த ஜங்கா என்ற கருவியால் ஒரே அகலமுள்ள கீற்றுகளாகக் கிழிப்பார்கள். மூங்கில் துண்டால் இழுத்து இழுத்து மிருதுவாக்கி, தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, வெயிலில் காயவைத்தால் இலை வெளுக்கும். சாயம் வேண்டுமானால் அதன் பிறகு காய்ச்சுவார்கள். இத்தனையும் முடிந்த பின்தான் பின்னல் ஆரம்பம். தறி கிடையாது, நூல் கிடையாது. கீற்றும் கீற்றும் குறுக்கே சாய்ந்து ஏறி இறங்கும். நோன்புப் பெருநாளில் கெத்துப்பாட்டுக்குத் தென்னங்குருத்தைப் பின்னுவதைப் பார்த்திருக்கிறோமே, அதே வித்தைதான்.

நம் தாயகத்திலும் இதற்கு இணையான தொழில் இருக்கிறது. அதைச் செய்கிறவர்களும் நம்மவர்களே. திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மாதேவிக்கு அருகே உள்ள பத்தமடையில் லெப்பைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப் பாய் நெய்து வருகின்றன. அதில் பெரும்பாலும் பெண்களின் உழைப்பே. தாமிரபரணிப் பாசனத்தில் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, காயவைத்து, ஓடும் நீரில் சில நாள் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, மெல்லிய இழையாகக் கிழிப்பார்கள். எவ்வளவு மெல்லியதாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவு உயர்ந்த பாய். சிவப்புக்கு முன்காலத்தில் சப்பாங்கட்டைச் சாயம். பிற்பாடு கடைச் சாயம் வந்தது.

இது பின்னல் அன்று, நெசவு. தரையோடு தரையாகத் தறியில் பாவு நூலைக் கட்டி, கோரை இழையைக் குச்சியின் நுனியில் கொடுத்துக் குறுக்கே செலுத்தி, அச்சால் அடித்து நெருக்குகிறார்கள். பாவு பருத்தி நூல். மிக உயர்ந்த ரகத்துக்குப் பட்டு நூல். நேர்த்தியான பத்தமடைப் பாயைத் துணிபோல் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரையும் சேர்த்து நெய்து தருவார்கள். இந்தப் பாய்க்கு இந்திய அரசின் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதாவது, வேறு ஊரில் நெய்ததைப் பத்தமடை என்று சொல்லி விற்பதற்குச் சட்டம் இடம் தராது.

இன்னொன்று பனையோலை. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் பனங்குருத்தோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். தெற்கே கருப்பட்டியும் கருவாடும் ஓலைப்பெட்டியில்தான் ஊர் ஊராகப் போயின. பழவேற்காடு என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. 1613-ல் ஒல்லாந்தர் அங்கே கெல்திரியா கோட்டை கட்டினார்கள். அந்தக் கரையிலிருந்து கட்டம் போட்ட துணி கப்பல் கப்பலாக இந்த நாட்டுக்கு வந்தது. அந்த ஊரின் பெயரையே மலாய்க்காரர் கைலிக்கு வைத்து, இன்றுவரை 'காயின் பெலிகாட்' என்கிறார்கள். நம் கடையில் தொங்கும் கைலிகளிலோ பெரும்பாலானவை இயந்திரத் தறியில் ஓடியவை. கைத்தறித் துணிக்கு இந்திய அரசு 2006 முதல் கைத்தறி முத்திரை கொடுத்து வருகிறது. முத்திரை இல்லாததைக் கைத்தறி என்று சொல்லுமுன் நாம் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

சரக்கைப் பார்க்கும் வகை

மக்சிக் கற்றுத்தந்த அடையாளங்களைச் சொல்கிறோம். கடைப் பையன்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

முதலாவது விளிம்பு. கையால் பின்னிய மெங்குவாங் பாயில் கீற்றின் நுனி ஓரத்தில் மடங்கித் திரும்பிப் பின்னலுக்குள்ளேயே போய்விடும். வெட்டிவிட்டு, வெட்டு தெரியாமல் நாடா வைத்துத் தைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். கோரைப் பாயில் ஓரம் தைப்பது வழக்கம்தான். ஆகவே இந்த அடையாளம் அதற்குச் செல்லாது. இரண்டாவது முதுகுப்புறம். சாயம் காய்ச்சிய கீற்றானால் நிறம் இருபுறமும் இருக்கும். மேலே அச்சடித்த பூ பின்னால் தெரியாது. மூன்றாவது மணம். இலைக்கும் கோரைக்கும் காய்ந்த புல்லின் வாசனை உண்டு. பிளாஸ்டிக்குக்கு அது வராது. நான்காவது அளவு. கை செய்த இரண்டு பாய்கள் ஒரு நூல் பிசகாமல் ஒத்திருப்பது அரிது.

இயந்திரப் பாய் கெட்ட சரக்கு என்று நாம் சொல்ல வரவில்லை. கோரைப் பாயைக்கூட இப்போது இயந்திரத் தறியில் நெய்கிறார்கள். தோட்டத்து லயத்தில் இருக்கும் குடும்பத்துக்குப் பதினைந்து வெள்ளிப் பிளாஸ்டிக் பாய்தான் கட்டும், கழுவினால் காய்ந்துவிடும். அதை அதன் பெயரைச் சொல்லி விற்றால் ஹலாலான வியாபாரம். கைப்பாயின் பெயரை அதற்குச் சூட்டி விலையை ஏற்றுவதுதான் குற்றம். அப்படிச் செய்யும்போது வாங்குகிறவரை மட்டும் ஏமாற்றவில்லை. நிஜமாகவே கையால் பின்னுகிறவளின் விலையையும் அடித்துவிடுகிறோம்.

கூலிக் கணக்கு

மக்சிக்கிடம், ஒரு பெரிய பாய்க்கு எத்தனை நாள் என்று கேட்டோம். இலை வெட்டுவது முதல் கடைசி மடிப்பு வரை, வீட்டு வேலைக்கு நடுவே பத்து அரை நாள் என்றார். அதாவது ஐந்து முழு நாள். இந்த நாட்டில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி. ஐந்து நாளுக்கு 325 வெள்ளி. அந்தப் பாயை ஒரு தரகர் 60 வெள்ளிக்குக் கேட்டிருக்கிறார்! "பேரப்பிள்ளைக்கே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்" என்றார் மக்சிக். அவர் மகள் சிரம்பானில் வேலை பார்க்கிறாள், பின்னக் கற்கவில்லை. கற்கும்படி எப்படிச் சொல்வது என்று அவர் கேட்டதற்கு நம்மிடம் பதில் இல்லை.

ஸல்மான் (ரலி) அவர்களின் மூன்று திர்ஹத்தை இங்கே வைத்துப் பாருங்கள். ஓலைக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று, தர்மத்துக்கு ஒன்று. பின்னுகிறவரே விற்றதால் மூன்றும் அவர் கையில் இருந்தன. நடுவே நாம் வந்து நின்ற பிறகு, மிஞ்சுவதெல்லாம் நம் கல்லாவுக்கு வந்து, ஓலைக்கு உரிய ஒரு திர்ஹமே பின்னுகிறவளுக்குப் போகிறது. அவள் குடும்பத்தின் திர்ஹத்தையும் நாமே எடுத்துக்கொண்டு, அதிலிருந்து தர்மம் செய்தால் அதில் பரக்கத் உண்டா?

நாம் செய்ததைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. செய்யக் கூடியதுதான் என்று காட்டவே சொல்கிறோம். விற்ற இரண்டு பாயில் ஒன்றை வாங்கியவர் பள்ளி ஆசிரியர் ஒருவர். அவரைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னோம். பாயை வைத்துக்கொண்டு, விலை வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். மற்றொருவர் ரயிலுக்கு வந்த வழிப்போக்கர், யாரென்று தெரியவில்லை. ஆலிம் ஒருவரிடம் கேட்டு, அந்தத் தொகையை அவர் பேரில் ஸதகாவாகக் கொடுத்தோம். மீதி மூன்று பாயில் 'மெஷின் பாய்' என்று அட்டை கட்டி விலையைக் குறைத்தோம். மூன்றும் விற்றன.

மக்சிக்கின் பாய் ஒன்றை 280 வெள்ளி ரொக்கம் கொடுத்து வாங்கினோம். 325 கொடுக்க நமக்குத் தைரியம் வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறோம். 'கைவேலை, ஐந்து நாள் உழைப்பு' என்று மலாயிலும் தமிழிலும் எழுதி மாட்டினோம். நாலு மாதம் தொங்கியது. பலர் விலையைக் கேட்டுச் சிரித்தார்கள். கடைசியில் கல்யாண வீட்டுக்கார அம்மா ஒருவர் 320 வெள்ளிக்கு எடுத்துப் போனார். நமக்கு லாபம் 40 வெள்ளி. நாலு மாதத்துக்கு அது ஒரு லாபமா என்று கேட்பீர்கள். கடை வாடகை கட்டப் போதாதுதான். ஆனால் அந்த அட்டையைப் படித்தவர்கள், மற்றச் சரக்குக்கும் நம் வார்த்தையை நம்பத் தொடங்கியிருக்கிறார்கள்.

சங்க அன்பர்களுக்கு நாம் கேட்டுக்கொள்வது நாலே காரியம். கைவேலை என்று தெரியாமல் கைவேலை என்று சொல்லாதீர்கள். கைவேலையானால் எத்தனை நாள் உழைப்பு என்று எழுதிவையுங்கள். பின்னுகிறவருக்குக் கடன் சொல்லாமல் ரொக்கமாகக் கொடுங்கள். ஊருக்குப் போகும்போது பத்தமடைப் பக்கம் போனால், நெய்கிறவர் வீட்டு வாசலில் நின்று வாங்குங்கள். அங்கே பேரம் பேசாதீர்கள்.

மக்சிக் இரண்டாவது பாய்க்கு இலை வெட்டிக் காயப்போட்டிருக்கிறார். இந்தத் தடவை 325 வெள்ளி கொடுப்பதாக நிய்யத் வைத்திருக்கிறோம். அதை நிறைவேற்றும் மனத்தை நமக்கும், உழைத்த கைக்கு உரியதைக் குறைக்காத வியாபாரத்தை நம் எல்லோருக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.