கருங்காலி: மரமா, மனிதனா?

கெடா தோட்டப்புறங்களில் ‘கருங்காலி’ என்பது சாதாரண வசைச்சொல் அன்று. கடன் வாங்கி ஏமாற்றுபவரை அப்படிச் சொல்வதில்லை. கூட இருந்தே குழி பறிப்பவருக்குத்தான் அந்தப் பெயர். இச்சொல்லுக்கு அப்பொருள் எப்படி வந்தது?

கருங்காலி, வைரம் பாய்ந்த ஒரு மரம். உலக்கை செய்ய ஏற்றது. பந்தற்கால் என்பதில் ‘கால்’ மரத்தைக் குறிப்பதுபோல, இங்கும் அது அடிமரத்தையே குறிக்கிறது. கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டச் செய்வதால் துரோகிக்கு இப்பெயர் வந்தது என்பர் சிலர். ஆனால் கோடரிக்காம்பு எந்த மரத்திலும் செய்யலாமே! இம்மரத்துக்கு மட்டும் ஏன் இந்தப் பழி?

ஆங்கிலத்தில் ‘பிளேக்லெக்’ என்றொரு சொல் உண்டு. நேர்ப்பொருள், கறுப்புக் கால். 18ஆம் நூற்றாண்டில் அது குதிரைப் பந்தய மோசடிக்காரரைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில், வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போகிறவரைக் குறித்தது. தொழிற்சங்க மேடை அதைத் தமிழாக்க முனைந்தபோது, மரத்தின் பெயர் ஆயத்தமாக இருந்தது. கோடரிக்காம்புப் பழமொழி அதற்கு வேரூன்ற இடம் தந்தது என்பதே என் கருத்து.

தோட்டத்தில் இச்சொல் ஏன் இவ்வளவு சுட்டது? வேலை போனால் லயத்து வீடும் போகும். 1947இல் பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் நடந்ததுபோன்ற போராட்டங்களில், தொழிலாளருக்கு ஒற்றுமையைத் தவிர வேறு பலமில்லை.

சுங்கை பட்டாணி அருகே பால்மரம் சீவிய என் பாட்டியிடம் இச்சொல்லைப் பற்றிக் கேட்டேன். “பிள்ளைக்குக் கஞ்சி இல்லாதவனும் பெரட்டுக்குப் போனான்யா. அவன் கருங்காலி இல்ல. நம்மளோட உக்காந்து பேசிட்டு, ராத்திரியோட ராத்திரியா கிராணிகிட்ட நம்ம பேரைச் சொன்னான் பாரு, அவன்தான்” என்றார்.

அகராதி தராத விளக்கம் அது. இடைநிலைப்பள்ளியில் படித்த மலாய் மரபுத்தொடர் ஒன்றும் இதையே சொல்கிறது: ‘குந்திங் டாலாம் லிப்பாத்தான்’, அதாவது துணி மடிப்புக்குள் கத்தரிக்கோல். வெட்டுவது மட்டுமன்று, மறைந்திருந்து வெட்டுவதே குற்றம்.

இன்று நம் கழகக் கூட்டங்களில் மாற்றுக் கருத்துச் சொல்பவருக்கும் இப்பெயரைச் சூட்டிவிடுகிறோம். எழுந்து நின்று, முகத்துக்கு நேரே மறுப்பவர் கருங்காலி ஆகமாட்டார். நண்பர்களே, தோட்டத்து மக்கள் வலியோடு பயன்படுத்திய சொல்லை நாமும் அளந்தே பயன்படுத்துவோம்.