கூரை மேல் படகு: பேத்தியால் நான் படித்த பாடம்

போபாலில் வாழும் நமக்கு ஏரி புதிதல்ல. மாலை வேளையில் பெரிய ஏரிக்கரையில் உலாவி வராத தமிழ்க் குடும்பம் இந்த ஊரில் இருக்க முடியாது. 2023-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் நம் மாநிலத்தில் நடந்தபோது, கயாக், கனோ பந்தயங்கள் இந்த ஏரியில்தான் நடைபெற்றன. பாறைகளுக்கு நடுவே சீறும் நீரில் படகு ஓட்டும் ஸ்லாலம் போட்டி, மகேஷ்வர் அருகே நர்மதையின் சகஸ்ரதாராவில் நடந்தது. அவற்றைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என் பேத்திக்குத் துடுப்பைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

கயாக் என்பது ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தகடு உள்ள துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகு. பந்தயத்துக்கான ஒற்றையர் கயாக் 5.20 மீட்டர் நீளம் வரை இருக்கலாம். எடை 12 கிலோவுக்குக் குறையக்கூடாது. பொழுதுபோக்குக்கான பிளாஸ்டிக் கயாக் அதைவிடக் குட்டை, ஆனால் கனம். என் பேத்திக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்தது பழைய பிளாஸ்டிக் கயாக். நீளம் 3.6 மீட்டர், எடை 24 கிலோ. அதை ஏரிக்குக் கொண்டுபோவது எப்படி? காரின் மேல்தான். கட்டுவது யார்? தாத்தாதான்!

எனக்கு அதில் பெருமை வேறு. டிப்ளமா முடித்து 1983-ல் ரயில்வேயில் சேர்ந்து, 2021-ல் ஓய்வு பெறும் வரை இடார்சியிலும் போபாலிலும் பெட்டிகள், வேகன்கள் பிரிவில்தான் காலம் கழித்தேன். சுமை ஏற்றிய வேகனைச் சுற்றி வந்து, கட்டு சரியா, சரிவு உண்டா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவன். இரண்டு ஆள் தூக்கும் ஒரு படகைக் கட்டத் தெரியாதா என்ற நினைப்பு. அந்த நினைப்புக்கு விழுந்த அடியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முன்பு ஹோஷங்காபாத் என்றிருந்த நர்மதாபுரத்துக்குப் புறப்பட்டோம். போபாலிலிருந்து சுமார் 75 கி.மீ. எங்கள் காரின் கூரையில் இரண்டு பக்கமும் வெள்ளி நிறத்தில் நீளமான ரெயில்கள் உண்டு. ஊரில் ஒரு உதிரிபாகக் கடையில், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு குறுக்குக் கம்பிகளை வாங்கிப் பூட்டியிருந்தேன். "நூறு கிலோ தாங்கும் சார்" என்றார் கடைக்காரர். நானும் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டேன்.

ஒபைதுல்லாகஞ்ச் தாண்டி, புத்னி மலைப்பாதைக்கு முன்னால், எதிரே ஒரு பெரிய லாரி வேகமாகக் கடந்தது. மேலே 'படார்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால், படகு குறுக்காகத் திரும்பிப் பின்பக்கம் சரிந்து சாலையில் விழுகிறது. எங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் கணவன், மனைவி, நடுவில் ஒரு சிறு குழந்தை. அந்த மனிதர் எப்படித்தான் வண்டியை மண்ணில் இறக்கினாரோ, படகின் மூக்குக்கும் அவர் சக்கரத்துக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை.

ஓடிப்போனேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. குழந்தையை இறக்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு, படகை ஓரமாக இழுக்க எனக்குக் கைகொடுத்தார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. காருக்குத் திரும்பியபோது பேத்தி கேட்டாள்: "தாத்தா, நீங்கதானே கட்டுனீங்க?"

எங்கே தவறு?

என் முடிச்சுகள் அவிழவில்லை. கயிறு அறவில்லை. குறுக்குக் கம்பியும் வளையவில்லை. கம்பி பிடித்திருந்த அந்த வெள்ளி ரெயில்தான் கூரையிலிருந்து பெயர்ந்து வந்துவிட்டது. அது அழகுக்காக ஒட்டப்பட்ட பிளாஸ்டிக்! கார் கையேட்டில், அந்த ரெயிலில் சுமை ஏற்றக்கூடாது என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது. மூன்று ஆண்டுகளாக டிக்கியின் அடியில் கிடந்த அந்தக் கையேட்டை நான் பிரித்ததே இல்லை. முப்பத்தெட்டு ஆண்டு ரயில்வேக்காரன், கடைசியில் ஒரு ரெயிலை நம்பித்தான் ஏமாந்தேன்.

சுமை படகிலிருந்து பட்டைக்கும், பட்டையிலிருந்து குறுக்குக் கம்பிக்கும், கம்பியிலிருந்து அதன் காலுக்கும், காலிலிருந்து காரின் கூரைக்கும் போகிறது. இந்த வரிசையில் எது பலவீனமோ அதுவே முழு அமைப்பின் பலம். நான் மேலே உள்ள மூன்றைப் பார்த்தேன். கீழே உள்ளதைப் பார்க்கவில்லை.

உங்கள் கார்க் கூரை எந்த வகை?

கேரியர் வாங்கக் கடைக்குப் போகுமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. மழைநீர் வழியும் விளிம்புள்ள கூரை. அம்பாசடர், பத்மினி காலத்துக் கார்களில் கதவுக்கு மேல் தகட்டு விளிம்பு இருக்கும். கேரியரின் கால்கள் அதைக் கவ்வும். உறுதியான ஏற்பாடு, புதிய கார்களில் அரிது.

2. உயர்ந்த ரெயில். கூரைக்கும் ரெயிலுக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருக்கும். உலோகத்தால் ஆகி, உள்ளே போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தால் மிக நல்லது. ஆனால் பார்வைக்கு இதே போலிருக்கும் அலங்கார ரெயில்கள் நம் நாட்டுக் கார்களில் நிறைய உண்டு. கையேடு அனுமதித்தால் மட்டுமே நம்புங்கள்.

3. கூரையோடு ஒட்டிய ரெயில். இடைவெளி இராது. இதற்கென்று தனி வடிவக் கால்கள் வேண்டும். இதிலும் அசல், அலங்காரம் என்ற வேறுபாடு உண்டு.

4. மறைந்திருக்கும் போல்ட் துளைகள். சில கார்களில் சிறிய மூடியைத் திறந்தால் துளை தெரியும். அந்தந்தக் காருக்கான கால்களை அதில் முடுக்கலாம்.

5. எதுவும் இல்லாத வெறும் கூரை. கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பில் கொக்கி மாட்டிப் பட்டையால் இறுக்கும் கால்கள் கிடைக்கும். அந்தக் கார் மாடலுக்கென்றே செய்த கொக்கியாக இருக்க வேண்டும். 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்று சொல்வது எதற்கும் சரியாகப் பொருந்தாது.

எடைக் கணக்கு

கூரை தாங்கும் எடை கையேட்டில் இருக்கும். பல கார்களுக்கு அது 50 முதல் 75 கிலோதான். சிலவற்றில் கூரையில் சுமையே கூடாது என்றிருக்கும். குறுக்குக் கம்பிக்கு ஒரு வரம்பு, அதன் மேல் படகு உட்காரும் தொட்டிலுக்கு ஒரு வரம்பு. மூன்றில் எது குறைவோ அதுதான் நம் வரம்பு. கடைக்காரர் சொன்ன நூறு கிலோ கம்பிக்கு உரியது, கூரைக்கு அல்ல.

இன்னொன்றும் உண்டு. கூரையின் வரம்பில் கேரியரின் எடையும் அடங்கும். கம்பிகள் 6 கிலோ, தொட்டில் 4 கிலோ, படகு 24 கிலோ என்றால் மொத்தம் 34 கிலோ. 50 கிலோ கூரைக்குச் சரி. தோழியின் படகையும் ஏற்றினால்? 6 + 8 + 48 = 62. ஏற்றக்கூடாது. துடுப்பு, மிதவைச் சட்டை, ஈரத்துணி எல்லாம் டிக்கியில் போகட்டும்.

காற்றுக் கணக்கு

என் படகு லாரி கடந்தபோது விழுந்தது தற்செயல் அல்ல. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். காற்றை நேராக எதிர்க்கும் ஒரு சதுர மீட்டர் பலகையின் மேல் விழும் அழுத்தத்தைக் கணக்கிட்டால், 40 கி.மீ. வேகத்தில் சுமார் 7.5 கிலோ, 80-ல் சுமார் 30 கிலோ, 100-ல் சுமார் 47 கிலோ. வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்கு.

படகின் முன்மூக்கு கண்ணாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடியில் மோதி மேலே ஏறும் காற்று அந்த மூக்கைத் தூக்கப் பார்க்கும். நாம் 80-ல் போகும்போது எதிர்க்காற்று 20 என்றால், காற்றின் கணக்கில் நாம் போவது 100-ல். லாரி தள்ளிக்கொண்டு வரும் காற்று பக்கவாட்டிலும் அடிக்கும். ஆகவே கீழ்நோக்கிய எடையைத் தாங்கினால் மட்டும் போதாது; கேரியர் மேல்நோக்கிய இழுப்பையும் தாங்க வேண்டும். நிற்கும் காரில் கம்பியை ஆட்டிப் பார்த்தது இதற்குச் சோதனையே அல்ல.

ரயில்வேயில் அளவை மீறிய சரக்கு போகும்போது அதற்குத் தனி அனுமதியும் வேகக் கட்டுப்பாடும் உண்டு. அதே ஒழுக்கம் காருக்கும் வேண்டும். படகு மேலிருந்தால் இப்போது நாங்கள் 70-ஐத் தாண்டுவதில்லை.

படகை வைக்கும் முறை

குறுக்குக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே கார் இடம் கொடுக்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். 60 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் படகு ஊஞ்சலாடும். படகின் நடுப்பகுதி இரண்டு கம்பிகளுக்கும் மத்தியில் வர வேண்டும்.

வைப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. அடிப்பாகத்தின் வளைவுக்கு ஏற்ற தொட்டிலில் நிமிர்த்தி வைக்கலாம். வளைந்த சட்டத்தில் ஒருக்களித்து வைக்கலாம். இதில் இடம் மிச்சம், ஆனால் உயரம் கூடும். கம்பியில் தடித்த ஃபோம் சுற்றிக் கவிழ்த்தும் வைக்கலாம். இதுவே செலவு குறைந்தது, மழைநீரும் உள்ளே தேங்காது. நிமிர்த்தி வைத்தால் உட்காரும் குழிக்கு மூடி போடுங்கள். பத்து லிட்டர் மழைநீர் என்றால் கூரையில் பத்துக் கிலோ கூடுதல்.

பிளாஸ்டிக் கயாக்குக்கு வெயில் ஆகாது. நம் ஊர் மே மாத வெயிலில் இறுக்கிக் கட்டி நிறுத்தி வைத்தால் பட்டை பதிந்த இடம் குழிந்துவிடும். போய்ச் சேர்ந்ததும் பட்டையைத் தளர்த்துங்கள்.

கட்டும் முறை

தேங்காய் நார்க் கயிறு வேண்டாம். நைலான் கயிறு ஈரத்தில் நீளும். கொக்கி வைத்த ரப்பர் கயிறு மூட்டைக்கே போதாது, படகுக்கு நிச்சயம் கூடாது. ஒரு அங்குல அகல பாலியெஸ்டர் பட்டை, பல்லால் கடித்துப் பிடிக்கும் பக்கிளுடன் வாங்குங்கள். லாரிக்காரர்கள் பயன்படுத்தும் ராட்செட் பட்டை வேண்டாம்; அதன் பலத்துக்குப் படகு நொறுங்கிவிடும். நான் வேகனில் பழகிய கை, முதலில் அதைத்தான் தேடியது!

ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பட்டை. படகின் மேல் போட்டு, கம்பியின் அடியில் சுற்றி, மறுபடி மேலே கொண்டுவந்து பக்கிளில் மாட்டி, கையால் இழுத்து இறுக்குங்கள். பட்டை கேரியரின் கால்களுக்கு உட்புறமாக இருக்க வேண்டும். அப்போதுதான் கம்பியிலிருந்து நழுவி வெளியே வராது. பட்டையில் அரைச் சுற்று முறுக்குப் போட்டால் காற்றில் ரீங்காரம் வராது. மிஞ்சிய நுனியை முடிந்துவிடுங்கள்.

இத்துடன் நிறுத்துவதே பலரும் செய்யும் பிழை. படகின் மூக்கிலிருந்தும் வாலிலிருந்தும் தனித்தனியாக ஒரு கயிறு காரின் முன்னும் பின்னும் கட்டப்பட வேண்டும். காரை இழுத்துச் செல்வதற்கான கொக்கியில் கட்டுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் கட்டாதீர்கள். தொய்வு இல்லாமல் இருந்தால் போதும். மூக்கு வளையும் அளவுக்கு இழுக்கக்கூடாது. கேரியர் பெயர்ந்தாலும் படகைச் சாலையில் விழாமல் பிடித்துக்கொள்வது இந்த இரண்டு கயிறுகள்தான். அன்று நான் இவற்றைக் கட்டவில்லை. "பக்கத்து ஊர்தானே" என்று விட்டுவிட்டேன்.

கடைசியாகப் படகைப் பிடித்துப் பலமாக ஆட்டுங்கள். படகு தனியாக ஆடக்கூடாது. காரும் சேர்ந்து ஆட வேண்டும். பத்துக் கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி பாருங்கள்.

சாலையில்

உயரத்தை அளந்து ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டுங்கள். ஒன்றரை மீட்டர் கார், ஒருக்களித்த படகுடன் 2.3 மீட்டரை எட்டிவிடும். கடைகளின் அடித்தள வாகன நிறுத்தத்தில் நுழையும்போது இதை மறந்தால் படகும் கூரையும் சேர்ந்து போகும்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்ந்த 194(1ஏ) பிரிவின்படி, சுமை அனுமதித்த அளவை மீறி முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ உயரத்திலோ நீண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். இறக்கும் செலவும் நம்முடையது. நீளமான படகு வைத்திருப்பவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வால் நுனியில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள்.

நமக்கெல்லாம் எதற்கு?

"எங்கள் வீட்டில் படகு இல்லையே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கோடை விடுமுறையில் நாக்பூர், ஹைதராபாத் வழியாகக் காரிலேயே ஊருக்குப் போகும் நம் குடும்பங்கள் பல. போகும்போது பெட்டிகளும், திரும்பும்போது அரிசி மூட்டையும், அம்மா கொடுத்த பாத்திரங்களும் கூரையில்தான் ஏறுகின்றன. கேரியருக்குப் படகும் ஒன்றுதான், மூட்டையும் ஒன்றுதான். புறப்படும் முதல் நாள் இரவு, கையேட்டில் அந்த ஒரு பக்கத்தைப் படியுங்கள். ரெயில் அசலா அலங்காரமா என்று பாருங்கள். எடையைக் கூட்டிப் பாருங்கள்.

எங்கள் காரில் இப்போது அந்த மாடலுக்கென்று செய்த கால்களோடு வேறு கேரியர் இருக்கிறது. படகைக் கட்டுவது இன்னமும் நான்தான். ஆனால் கட்டி முடித்தபின் பேத்தி ஒரு முறை சுற்றி வந்து, ஒவ்வொரு பட்டையாக இழுத்துப் பார்த்து, "சரி தாத்தா" என்று சொன்ன பிறகே வண்டி நகரும். வேகனுக்கு நான் செய்த அதே வேலை. அன்று மண்ணில் இறங்கி நின்ற அந்தக் குழந்தையின் முகம் நினைவிருக்கும் வரை, அவள் கையெழுத்து இல்லாமல் என் வண்டி புறப்படாது.