பழையதை அழிக்க முன்னம்

அன்புள்ள தங்கச்சி,

அறிவியல் நகரிலிருந்து நீர் அனுப்பிய சி நிரலைப் பார்த்தேன். குளங்களின் நீர்மட்டக் கோப்பை வாசித்து அழகாக அட்டவணை போடுகிறது. கோப்பின் பெயரைக் கொடுக்காமல் ஓட்டிப் பார்த்தீரா? நான் பார்த்தேன். 'செக்மென்டேஷன் ஃபோல்ட்' என்று விழுந்து போச்சு.

கட்டளை வரியில் எத்தனை சொல் வந்தது என்பதை ஆர்க்சி சொல்லும். நிரலின் பெயரும் அதில் ஒன்று. பெயரை மட்டும் தட்டினால் ஆர்க்சி 1, கோப்பின் பெயர் இருக்க வேண்டிய ஆர்க்வி[1] நல், அதாவது வெறுமை. நீர் அதைத் திறக்கக் கொடுத்துவிட்டு, திறந்ததா என்று பாராமலே வாசிக்கப் போயிருக்கிறீர். முதலில் எண்ணிக்கையைப் பாரும். எஃப்ஓப்பன் நல் தந்தால் பிஎரரைக் கூப்பிடும், அது காரணத்தைச் சொல்லும். கோப்பே இல்லை என்பது வேறு, திறக்க அனுமதி இல்லை என்பது வேறு.

ஊர்ப் பெயருக்கு 20 பைட் ஒதுக்கியிருக்கிறீர். கிளிநொச்சி எங்கள் கண்ணுக்கு 5 எழுத்துத்தான். ஆனால் யூடிஎஃப்-8 இல் விசிறியும் குற்றும் தனித்தனிக் குறி. மொத்தம் 10, ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 30. கடைசிப் பூச்சியத்துக்கு இன்னுமொன்று. அந்தப் பூச்சியத்தை விட்டாலும் வவுனியாவுக்கே 21 வேண்டும், புதுக்குடியிருப்புக்கு 54! ரிச்சியும் கெர்னிகனும் 1978 இல் சி மொழிப் புத்தகம் எழுதியபோது புதுக்குடியிருப்பை நினைத்திருக்க மாட்டார்கள். எஃப்கெட்ஸுக்கு அளவைச் சொல்லி வாசியும்.

இனி, நான் உண்மையில் எழுத வந்த விஷயம். உம்முடைய நிரல் திருத்திய அட்டவணையைப் பழைய கோப்பின் மேலேயே எழுதுகிறது. 'டபிள்யூ' என்று திறந்த அந்தக் கணமே, ஒரு எழுத்துக்கூட எழுத முன்னம், பழையது காலியாகிவிடும். இளவயதில் ஒரு அலுவலகத்துக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன்: முதல் பெயர் வாசிக்க, இரண்டாவது எழுத. ஒரு பின்னேரம் பெயர்களை நானே மாற்றித் தட்டிவிட்டேன். மூன்று மாதப் பதிவு பூச்சியம் பைட். பிரதியும் இல்லை. கடதாசிகளைத் தேடி எடுத்து இரவிரவாகத் திரும்பத் தட்டினேன்.

2009 இல் போருக்குள் இடம்பெயர்ந்தபோது வீட்டு உறுதியையும் எங்கட பிறப்புச் சான்றிதழ்களையும் அம்மா ஒரு ஷொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போனா. பை கிழிந்தால் புதுப் பைக்குள் எல்லாத் தாளையும் எண்ணி வைத்து முடிச்சுப் போட்ட பிறகுதான் பழையதை எறிவா. அம்மாவுக்குக் கணினி தெரியாது.

நீரும் அப்படிச் செய்யும். அதே அடைவில் வேறு பெயரில் எழுதி, எஃப்குளோஸ் பிழையில்லாமல் முடிந்ததா என்று பார்த்து, பிறகு ரீநேம். லினக்ஸில் அது பழையதை ஒரே அடியில் மாற்றும். விண்டோஸில் அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் மறுத்துவிடும். 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் வெட்டினார்களே, நினைவிருக்கா? எஃப்பிரின்ட்எஃப் எழுதுவது முதலில் நினைவகத்துக்குத்தான், இடையில் கரண்ட் போனால் அது போச்சு. எஃப்ஃபிளஷ் அதை இயங்குதளத்திடம் கொடுக்கும். வட்டுக்குப் போய்ச் சேர எஃப்சிங்க் வேண்டும்.

திருத்தி அனுப்ப முன்னம் பெயரில்லாமல் ஒருக்கா, பிழையான பெயரோடு ஒருக்கா, கோப்புக்குப் பதில் அடைவின் பெயரைக் கொடுத்து ஒருக்கா ஓட்டிப் பாரும். லினக்ஸில் அடைவு திறபடும், வாசிக்கத்தான் விடாது. அதில்தான் நீர் மாட்டுப்படப் போகிறீர்.

அன்புடன்,
அண்ணா